காலி வீதிக்கு ஒரு மின் சைக்கிள்: ரோட் பைக்கை நாளாந்தப் பாவனைக்கு மாற்றும் முறை

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் சுமார் 8 கிலோமீட்டர். போக வர 16. இடையில் சந்தைக்கோ பிள்ளையின் ரியூஷன் வகுப்புக்கோ ஒரு சுற்றுப் போனாலும் 20ஐத் தாண்டாது. நகரமும் பொதுவாகத் தட்டை. தெஹிவளை மேம்பாலம், கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சின்ன மேடு என்று ஒன்றிரண்டு ஏற்றங்கள்தான் உண்டு. ஆனாலும் மின் சைக்கிள் தேடுபவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான்.

கொழும்பில் இந்தச் சைக்கிள்கள் வாட் போதாமல் படுப்பதில்லை. கேபிள் வழியே மழைத்தண்ணீர் இறங்கியோ, பின் அச்சு சட்டத்துக்குள் சுழன்றோதான் படுக்கின்றன. அதனால், கையிலிருக்கும் ரோட் பைக்கில் (வளைந்த ஹாண்டிலும் ஒல்லி ரயரும் உள்ள சைக்கிளில்) மோட்டரும் பற்றரியும் பூட்டி அதை மின் சைக்கிளாக்கும்போது காசு போடும் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் பிரேக், ரயர், அச்சு, வயர். மோட்டரின் அளவு அதற்குப் பிறகு.

எவ்வளவு வலு தேவை

ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைப்போம். காற்றில்லாத தட்டைப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போக ஏறத்தாழ 135 வாட் போதும். இதில் 45 வாட் ரயர் உருளுவதற்கும் 90 வாட் காற்றைத் தள்ளுவதற்கும் போகிறது. அதே ஆள் 35இல் போக 300 வாட் தேவை. வேகம் பத்துத்தான் கூடுகிறது, செலவு இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. 8 கிலோமீட்டரில் தாளில் ஐந்தரை நிமிடம் மிச்சம். பம்பலப்பிட்டிச் சந்தியின் ஒரு சிவப்பு விளக்கில் அதில் பாதி கரைந்துவிடும்.

ஆகவே 250 வாட் மோட்டர் தாராளம். அந்த எண் தொடர்ந்து தரக்கூடிய வலுவைத்தான் குறிக்கிறது. 36 வோல்ட் பற்றரியும், மோட்டருக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் 15 அம்பியர் கொன்ரோலரும் இருந்தால், விளக்கு பச்சையாகிப் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும் அந்தச் சில வினாடிகளுக்கு 540 வாட் வரை பற்றரியிலிருந்து இழுக்கும். நகரத்தில் வலு வேண்டியது அந்த நேரத்துக்குத்தான்.

ஐரோப்பாவின் இ.என். 15194 தரமும் உழக்கும்போது மட்டும் உதவும் மோட்டர், 250 வாட், 25 கிலோமீட்டரில் துண்டிப்பு என்றுதான் வகுக்கிறது. அதற்குள் நிற்பது நல்லது. உழக்காமல், திருகுபிடியைத் திருகி 45இல் ஓடும் வண்டி பெயருக்குத்தான் சைக்கிள். அப்படியொன்றில் மனம் போனால், பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்ட பிறகே காசைக் கொடுங்கள்.

பற்றரிக்குக் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி என்று கணக்குப் போடுங்கள். சோம்பலாக உழக்குவதும் அடிக்கடி நின்று எடுப்பதும் இதற்குள் அடக்கம். 20 கிலோமீட்டருக்கு 200 வாட் மணி. பற்றரியில் 80 வீதத்தை மட்டும் பாவிக்க வேண்டும், சில வருடங்களில் கொள்ளளவும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கழித்தால் 310 வரும். 36 வோல்ட், 10 அம்பியர் மணி, அதாவது 360 வாட் மணிப் பற்றரி சரியாகப் பொருந்துகிறது. மொறட்டுவையிலிருந்து தினமும் வருபவருக்கு 16 அம்பியர் மணி.

விற்பவர் சொல்லும் கொள்ளளவைத் தராசில் சோதிக்கலாம். 18650 என்ற வழமையான செல்லில் மிக நல்லது 3.5 அம்பியர் மணி கொண்டது, எடை 48 கிராம் அளவில். 36 வோல்டுக்கு 10 செல் தொடராக வேண்டும். 20 அம்பியர் மணிக்கு அப்படி 6 வரிசை, ஆக 60 செல். செல்கள் மட்டுமே 2.9 கிலோ. பெட்டியோடு சேர்த்தும் இரண்டரைக் கிலோ நிற்கும் "20 அம்பியர்" பற்றரியில் ஸ்ரிக்கர் மட்டும்தான் 20.

எந்தச் சட்டம், எந்த மோட்டர்

வாங்க முன் அளவு நாடாவை எடுங்கள். சட்டத்தில் பின் சில்லு பூட்டும் கவையின் உள் அகலம் பழைய ரோட் பைக்குகளில் 126 அல்லது 130 மில்லிமீட்டர். பின் சில்லு மோட்டர்களில் பெரும்பாலானவை 135 கேட்கும். இரும்புச் சட்டத்தை 5 மில்லிமீட்டர் விரிக்க வேலை தெரிந்தவரால் முடியும். அலுமினியத்தை விரிக்கக் கூடாது, இன்று வெடிக்காவிட்டாலும் பிறகு வெடிக்கலாம். கார்பன் சட்டத்தில் இந்த வேலையே வேண்டாம். புதிய டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் 142 மில்லிமீட்டர் அகலமும் ஊடே செல்லும் 12 மில்லிமீட்டர் அச்சும் இருக்கும். நட் போட்டு இறுக்கும் வழமையான மோட்டர் அதில் ஏறாது.

முன் சில்லு மோட்டர் மலிவு, பூட்டுவதும் லேசு. ஆனால் ரோட் பைக்கின் ஃபோர்க் பெரும்பாலும் அலுமினியம் அல்லது கார்பன், அந்த விசைக்கு அது செய்யப்படவில்லை. ஃபோர்க் இரும்பாக இருந்தாலும், மழைநாளில் பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சில் முன் சில்லு வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். பெடல் அச்சில் பூட்டும் நடு மோட்டர், அதாவது பஃபாங் அல்லது டொங்ஷெங் வகை, 68 மில்லிமீட்டர் மரையுள்ள பெடல் குழாய் இருந்தால் ஏறும். மலைநாட்டுக்கு அது அருமை. தட்டையான கொழும்பில் அது செயினைத் தின்பதுதான் மிச்சம்.

எங்கள் தெரிவு, உள்ளே பற்சக்கரம் உள்ள பின் சில்லு மோட்டர். இரண்டரை முதல் மூன்றரைக் கிலோ வரும். மோட்டரை நிறுத்தினால் உள்ளே கிளட்ச் கழன்று சில்லு தாராளமாக உருளும், பற்றரி தீர்ந்தாலும் வீடு வரலாம். பற்சக்கரம் இல்லாத நேரடி மோட்டர் ஐந்து கிலோவுக்கு மேல், உழக்கும்போது பிடித்து இழுக்கும்.

தொழிற்சாலையிலேயே மின் ரோட் பைக்காக வருவதை வாங்கும் வசதி இருந்தால் ஒன்றை மட்டும் யோசியுங்கள். மாஹ்லே எக்ஸ்35 போன்ற தொகுதி முழுவதும் மூன்றரைக் கிலோதான், பற்றரி 250 வாட் மணியளவில் சட்டக் குழாய்க்குள்ளேயே இருக்கும். பார்க்க அழகு. ஆனால் பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுபோக முடியாது. தரிப்பிடத்தில் பிளக் இல்லாத தொடர்மாடியில் ஐந்தாம் மாடிக்குச் சைக்கிளோடு லிஃப்டில் ஏற வேண்டியிருக்கும்.

பின் அச்சு: அவசரப்படக் கூடாத இடம்

மோட்டர் அச்சு வெறும் உருண்டைக் கம்பி அல்ல. 12 மில்லிமீட்டர் மரையின் இரு பக்கமும் சீவி, 10 மில்லிமீட்டர் தட்டையாக்கியிருப்பார்கள். மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அச்சு பின்னுக்குச் சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது அந்தத் தட்டைப் பக்கங்களும், அச்சு உட்காரும் சட்டத்தின் பிளவும் மட்டுமே. 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு 10 மில்லிமீட்டர் அகலத்தில் விழுந்தால் 4000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 400 கிலோ பாரம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலிருந்தும் புறப்படும்போது பிளவின் விளிம்பில் விழும் அடி இது. நட் கொஞ்சம் தளர்ந்தால் அச்சு முன்னும் பின்னும் ஆடி, பிளவை வாய்போலத் திறக்கும். ஒருநாள் முழுச் சுற்றுச் சுழன்று, தன் நடுவால் வரும் கேபிளை முறுக்கும். உள்வயர்கள் ஒன்றோடொன்று தொட்டால் கொன்ரோலரும் அதோடு போகும்.

பூட்டும் முறை:

1. அச்சைப் பிளவுக்குள் கையால் தள்ளுங்கள். இறுக்கமாக இருந்தால் தட்டை அரத்தால் பெயின்ரை மட்டும் சுரண்டுங்கள், உலோகத்தைத் தொட வேண்டாம். அச்சு பிளவின் அடிவரை போய் உட்கார வேண்டும்.

2. நாக்குள்ள வாஷரை, நாக்கு சட்டப் பிளவுக்குள் விழும்படி வையுங்கள். நாக்கு பிளவில் விழாமல் சட்டத்தின் மேல் ஏறி நின்றால் நட் இறுகியதுபோலத் தெரியும், அடுத்த கிழமை தளரும்.

3. அதன்மேல் முறுக்குத் தாங்கி, அதாவது ஒரு முனையில் அச்சின் தட்டைப் பக்கங்களைக் கவ்வி, மறுமுனையில் சட்டத்தோடு பூட்டப்படும் பட்டை. குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்பாக இருக்கட்டும். இரும்புச் சட்டத்துக்கு ஒரு பக்கம் போதும், அலுமினியத்துக்கு இரண்டு பக்கமும் வேண்டும். மறுமுனையை ஹோஸ் கிளிப்பால் கட்டுவதைவிட, கரியர் பூட்டும் துளையில் 5 மில்லிமீட்டர் போல்ட் போடுவது மேல். போல்டை இறுக்க முன் அச்சைப் பின்னோக்கித் திருப்பி ஆட்டத்தை எடுத்துவிடுங்கள்.

4. நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். அளவு காட்டும் ஸ்பனர் இல்லையென்றால், 25 சென்ரிமீட்டர் நீள ஸ்பனரின் நுனியில் 15 கிலோ பாரம் வைத்த அளவு அழுத்தம். மோட்டரோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

5. நட்டையும் சட்டத்தையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். கோடு முறிந்தால் நட் நகர்ந்துவிட்டது. 20 கிலோமீட்டரிலும் 100 கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

ரோட் பைக்கின் விரைவுக் கழற்றி இனி இல்லை. பஞ்சருக்காக 18 மில்லிமீட்டர் ஸ்பனர் ஒன்று பையில் எப்போதும் கிடக்கட்டும், சில மோட்டர்களுக்கு 19. சில்லைக் கழற்றாமலே ரியூப்பின் ஒரு பக்கத்தை வெளியே இழுத்து ஒட்டுப் போடவும் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குத் தும்முல்லைச் சந்தியில் நட்டோடு மல்லுக்கட்டுவதை விட அது எவ்வளவோ சுகம்.

சில்லுக்கு 36 ஸ்போக் கம்பிகள், 13 கேஜ். மோட்டரின் விளிம்பு பெரிது என்பதால் கம்பிகள் ஒருதரம் மட்டும் குறுக்கிட்டால் போதும். சாதாரண சில்லைப்போல மூன்றுதரம் பின்னினால் கம்பி ரிம்முக்குள் சரிந்து நுழைந்து, நிப்பிள் அருகில் முறியும். புறக்கோட்டை டாம் வீதியில் ரிம்மும் கம்பியும் வாங்கும்போது மோட்டரையும் கையோடு கொண்டுபோய் அளவு எடுப்பியுங்கள். முதல் 100 கிலோமீட்டரில் "டிக் டிக்" சத்தம் வந்தால் கம்பிகள் உட்காருகின்றன என்று பொருள். சில்லு நேராக்குபவரிடம் கொடுத்து ஒருதரம் இழுவை பார்த்தால் சரி.

பிரேக்கும் ரயரும்

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் முதல் ஓரிரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்கிற வேலையைத்தான் செய்யும். ஐந்து கிலோ கூடிய சைக்கிளுக்கு அந்தத் தூரம் அதிகம். சட்டத்தில் இடம் இருந்தால் 160 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு மாறுங்கள். இல்லையென்றால் மழைக்கேற்ற மென்மையான பிரேக் கட்டைகளைப் போட்டு, ரிம்மைக் கிழமைக்கொருமுறை துடையுங்கள்.

பிரேக் பிடித்ததும் மோட்டர் நிற்க வேண்டும். வளைந்த ஹாண்டிலின் பிரேக் பிடிகளில் சுவிட்ச் இருக்காது. சிறு காந்தத்தைப் பிடியிலும் உணரியை அதன் உடலிலும் ஒட்டும் வகையை வாங்குங்கள். பின் சில்லைத் தூக்கிச் சுழலவிட்டுப் பிடியை மெல்ல இழுங்கள். கட்டை ரிம்மைத் தொட முன்பே மோட்டர் நின்றால் சரி.

23, 25 மில்லிமீட்டர் ரயர்களைக் கழற்றிவிடுங்கள். வீதியோரக் கான் மூடிகளின் கம்பிகள் சில இடங்களில் போகும் திசைக்கே நீளவாட்டில் கிடக்கின்றன, ஒல்லி ரயர் நேரே உள்ளே போகும். 32 மில்லிமீட்டர் நல்லது, ரயரின் இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். 90 கிலோவுக்குப் பின்னால் 65, முன்னால் 55 பிஎஸ்ஐ அளவில் காற்று. மட்கார்ட் கட்டாயம். அது முதுகைவிட வயர்களைத்தான் அதிகம் காப்பாற்றும்.

தண்ணீர்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. சைக்கிள் நனையும் என்று முடிவுகட்டியே வயர் இழுக்க வேண்டும்.

மழை விட்டதும் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, மோட்டர் கேபிளைப் பாருங்கள். சட்டக் குழாயில் வழிந்த துளி கேபிளைத் தொட்டு, அதன் முதுகில் ஊர்ந்து, அச்சு முனையில் போய் நிற்கும். கேபிள் அங்கே நேராக உள்ளே போனால் துளியும் கூடவே போகும். மோட்டருக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை, சில மாதத்தில் உள்ளே கறள். இதற்கு வைத்தியம் இலவசம். கேபிள் அச்சுக்குள் நுழைய முன் ஒரு தொங்கல் விடுங்கள். அச்சைவிட ஓரிரு அங்குலம் கீழே இறங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். துளி தொங்கலின் அடியில் சொட்டிவிடும். கொன்ரோலருக்கும் பற்றரிக்கும் போகும் வயர்களுக்கும் இதே தொங்கல்.

கொன்ரோலரைப் பெடல் அச்சுக்குக் கீழே கட்டாதீர்கள். முன் சில்லு தெறிக்கும் சேற்றுத்தண்ணீர் முழுக்க அங்கேதான் அடிக்கும். சீட் குழாயின் பின்புறம் வயர்கள் கீழ்நோக்கி வரும்படி நிமிர்த்தி வையுங்கள். பெட்டியைச் சுற்றிச் சிலிக்கன் பூசினால் அடியில் ஒரு சிறு துளையை விட்டுவையுங்கள். முழுக்க அடைத்தால் பகல் வெக்கையில் விரிந்த காற்று இரவில் குளிர்ந்து, உள்ளேயே வியர்க்கும். பற்றரியைச் சொப்பிங் பையால் இறுக்கிக் கட்டுவதும் இதே தவறு.

மோட்டர், திரை, பிரேக் இணைப்பிகளில் அம்புக்குறி இருக்கும். இரண்டு அம்பையும் நேருக்கு நேர் வைத்து நேராகத் தள்ளுங்கள். திருகித் தள்ளினால் உள்ளே ஊசி வளையும். மோட்டர் இணைப்பியில் ஒரு கோடும் போட்டிருப்பார்கள், அந்தக் கோடுவரை போகாவிட்டால் அது பூட்டவில்லை.

மெரைன் டிரைவில் ஓடுபவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. கிழமைக்கொருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அலுமினியத்துக்குள் போகும் ஒவ்வொரு இரும்பு போல்ட்டிலும் கிறீஸ் தடவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தக் குழாயால் கழுவ மட்டும் விடாதீர்கள். வெள்ளத்தில் அச்சு மூழ்கும் ஆழம் என்றால் இறங்கி வேறு பாதை பாருங்கள். சைக்கிளைத் தூக்கி நடந்தாலும் பரவாயில்லை.

உழக்கும் உணரி

மலிவான தொகுதிகளில் பெடல் அச்சில் ஒரு காந்தத் தட்டும் அதற்கு எதிரே ஓர் உணரியும் வரும். இடைவெளி 2, 3 மில்லிமீட்டர். பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும்தான் அது அறியும், எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாலும் முன்னுக்குப் பாயும். நெரிசலில் மோட்டரின் உதவியை முதலாம் நிலையிலேயே வைத்திருங்கள். மிதிக்கும் விசையை அளக்கும் உணரி விலை கூட, ஆனால் வாட்டுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுத்தால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

சார்ஜ்

36 வோல்ட் பற்றரி நிறைந்தால் 42 வோல்ட். 2 அம்பியர் சார்ஜரில் 10 அம்பியர் மணிக்கு ஐந்து மணித்தியாலம், மின்சாரம் அரை யூனிட்டுக்கும் குறைவு. நாளாந்தம் 40, 41 வோல்ட்டில் கழற்றினால் செல்கள் நீடிக்கும். மாதம் ஒருமுறை மட்டும் 42 வரை விட்டு, செல்களைச் சமன்படுத்தக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். வெயிலில் நின்ற பற்றரியை உடனே செருக வேண்டாம், நிழலில் அரை மணி ஆறட்டும். கைபட்டால் சுடுகிற பற்றரி சார்ஜுக்குத் தயாரில்லை.

தொடர்மாடியில் வாசல் கதவோரம் சார்ஜ் போடுவது பலருடைய வழக்கம், அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். லித்தியம் பற்றரி பற்றினால் வெளியேற இருக்கும் ஒரே வழி அதுவாகத்தான் இருக்கும். மெத்தை, திரைச்சீலை இல்லாத சீமெந்துத் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். விழுந்து அடிபட்ட, வீங்கிய, இனிப்பு வாடை வரும் பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கோளாறு வந்தால்

மோட்டர் சுழலாமல் நடுங்கினால் முதலில் மோட்டர் இணைப்பியைக் கோடுவரை தள்ளுங்கள். பெரும்பாலும் அத்தோடு தீரும். பஃபாங் திரையில் 21 என்றால் வேக உணரி, 08 என்றால் மோட்டரின் ஹோல் உணரி (மோட்டர் சுழலும் நிலையைக் காந்தத்தால் அறிவது), 30 என்றால் திரைக்கும் கொன்ரோலருக்கும் இடையே தொடர்பில்லை. மழைக்கு மறுநாள் 30 வந்தால் இணைப்பிகளைக் கழற்றிக் காற்றில் உலர்த்திப் பாருங்கள்.

பாதிச் சார்ஜ் இருக்கும்போதே, புறப்படும் நேரம் மட்டும் எல்லாம் அணைகிறதா? முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கக்கூடிய சாதாரண மல்ட்டிமீட்டரைப் பற்றரியில் பிடியுங்கள். ஓய்வில் 37 காட்டி, இழுக்கும்போது 31க்குக் கீழே விழுந்தால் ஒரு செல் வரிசை களைத்துவிட்டது. கொன்ரோலரை மாற்றிப் பயனில்லை.

சில்லு திடீரென்று கனமானால், பற்றரியைக் கழற்றிவிட்டுச் சில்லைக் கையால் பின்னோக்கிச் சுழற்றுங்கள். முன்னோக்கிச் சுழற்றினால் கிளட்ச் கழன்றுவிடும், ஒன்றும் தெரியாது. கட்டிக் கட்டி இழுத்தால் மோட்டர் இணைப்பியைக் கழற்றி மறுபடி சுழற்றுங்கள். இப்போது இலேசாகப் போனால் எரிந்தது கொன்ரோலர். இன்னமும் இழுத்தால் மோட்டர் கேபிளில் வயர்கள் ஒட்டியிருக்கின்றன. அச்சு நட்டின் நகப்பூச்சுக் கோட்டைப் பாருங்கள், அனேகமாக அது முறிந்திருக்கும்.